நெல்லூரில் கேட்ட ஆலைச் சங்கு: ஓர் உள்விசாரணையில் காணொளிச் சாட்சியம்

பின்னணி

நீடாமங்கலம் வட்டாரத்தில் ஒரு தனியார் அரிசி ஆலை. வேலை செய்பவர்கள் அறுபது பேருக்குச் சற்று மேல். அங்கே எடைமேடையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் மீது நடந்த உள்விசாரணையில் நான்தான் விசாரணை அதிகாரி. நான் வழக்கறிஞர். இந்த மாதிரி விசாரணைகளுக்கு நிர்வாகங்கள் என்னை அமர்த்துவது உண்டு. என் கட்டணத்தைத் தருவதும் நிர்வாகம்தான். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். பழைய சட்டங்களுக்குப் பதிலாகத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் நடந்த விஷயம் இது. 1947 தொழிற்தகராறு சட்டம்தான் அப்போது பொருந்தியது.

சம்பவம் நடந்தது பிப்ரவரி. சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது, மேகமும் திரண்டிருந்தது. டெல்டாவில் அந்த மாதத்தில் வரும் பருவம் தவறிய மழைக்கு விவசாயி மட்டுமல்ல, வியாபாரியும் ஆலைக்காரரும்கூடப் பயப்படுவார்கள். களத்தில் கிடக்கும் நெல் எல்லாம் ஒரே ராத்திரியில் லாரி ஏறும். அன்றைக்கும் அப்படித்தான்: இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பதினொரு லாரிகள்.

புகார்

லாரி நெல்லோடு மேடை ஏறினால் ஒரு எடை. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி ஏறினால் இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நெல். காலி எடையை ‘டேர்’ என்பார்கள். அடிக்கடி வரும் வண்டிகளின் டேர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிவாகி இருக்கும். அவசரத்துக்கு இரண்டாவது தடவை மேடை ஏற்றாமல் அந்தப் பழைய எண்ணையே எடுத்துப் போட முடியும். போடக் கூடாது என்பது ஆலையின் விதி.

குறிப்பிட்ட லாரியின் சீட்டில் லோடு எடை 24,380 கிலோ, காலி எடை 8,940, நிகரம் 15,440 என்று இருந்தது. மூட்டைக்கு 60 கிலோ என்று கணக்குப் போட்டால் 257 மூட்டை வர வேண்டும். குடோனில் எண்ணியதோ 241. பதினாறு மூட்டை குறைகிறது. அடுத்த வாரம் அதே வண்டியை வெறுமனே மேடை ஏற்றிப் பார்த்தால் 9,900 காட்டியது. சீட்டில் இருந்த 8,940 அதே வியாபாரியின் வேறொரு வண்டியுடையது. இரண்டு வண்டி எண்களுக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம்.

குற்றச்சாட்டு குறிப்பாணையில் இரண்டு அம்சங்கள். ஒன்று, காலி எடை போடாமல் சீட்டுக் கொடுத்தது. இரண்டாவது, அதை வேண்டுமென்றே, லாரி ஓட்டுநரிடம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்தது. முதலாவது கவனக்குறைவு, இரண்டாவது வேலையே போகக்கூடிய விஷயம். ஊழியர் மார்ச் முதல் வாரத்தில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

அவர் விளக்கம் சுருக்கமானது. பணம் வாங்கவில்லை. பழைய டேரைப் போடச் சொன்னது அந்த ஷிப்ட் சூப்பர்வைசர். வண்டி எண்ணை மாற்றி எடுத்தது தன் தவறு.

காணொளி வேண்டும், காணொளி கூடாது

ஏப்ரலில் முதல் அமர்வு. சாட்சிகள் யார் யார் என்று கேட்டதுமே சிக்கல் தெரிந்தது. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நிர்வாகத்தின் ஒரே நேரடிச் சாட்சி லாரி ஓட்டுநர். அவர் நெல்லூர்ப் பக்கம் லோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார், வர முடியாது, வாட்ஸ்அப் வீடியோவில் பேசுவார் என்றது நிர்வாகம். ஊழியர் தரப்பின் முக்கியச் சாட்சி அந்த சூப்பர்வைசர். அவரோ அந்த மாதத் தொடக்கத்தில்தான் சிங்கப்பூர் வேலைக்குப் போயிருந்தார். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் இதெல்லாம் புதிதல்ல, தெருவுக்கு நாலு பேர் அங்கே இருப்பார்கள். அவரைக் காணொளியில் விசாரிக்க வேண்டும் என்று ஊழியருக்கு உதவியாக வந்த தொழிற்சங்க நிர்வாகி கேட்டார்.

ஓட்டுநருக்குக் காணொளி கேட்ட அதே நிர்வாகப் பிரதிநிதி இதற்கு எழுந்து ஆட்சேபித்தார். “அங்க பக்கத்துல யார் இருக்காங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?” கேள்வி சரியானதுதான். ஆனால் அதை அவர் தன் சாட்சிக்குக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்கவில்லை.

சட்டத்தில் தடை எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருந்த மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தைக் காணொளியில் பதிவு செய்யலாம் என்று பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. அது குற்ற வழக்கு. உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கட்டுகள் அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தாது. ஆனால் ஒன்று மட்டும் விலக்க முடியாதது: தொழிலாளியின் முன்னிலையில் சாட்சி பேச வேண்டும், அவரைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு வாய்ப்பு வேண்டும். மீங்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது அதைத்தான்.

ஓட்டுநரை விசாரிக்கவே தேவையில்லை என்றும் நிர்வாகம் ஒரு வாதம் வைத்தது. 1977-ல் வந்த ரத்தன் சிங் வழக்கு: ஹரியானா பஸ் கண்டக்டர் ஒருவர் மீதான விசாரணையில் பயணிகளைச் சாட்சியாக அழைக்காதது குறையல்ல என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு. உள்விசாரணை நடத்துகிற எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பது. ஆனால் அங்கே பரிசோதகர் பஸ்ஸில் ஏறித் தானே பார்த்திருக்கிறார். இங்கே பணம் கைமாறியதைப் பார்த்தவர் என்று யாரும் இல்லை, ஓட்டுநரைத் தவிர. அதனால் ஓட்டுநர் வேண்டும் என்றேன். இரு தரப்புக்கும் காணொளியை அனுமதித்தேன். நிபந்தனை எதையும் எழுதவில்லை. விசாரணை நீண்டுகொண்டே போனால் தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் கிடைக்கும் பிழைப்பூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குத்தான் கஷ்டம் என்ற எண்ணம் ஒரு பக்கம். தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம்தான். எனக்கும் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

ஓட்டுநர்

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பதினொன்றரை மணி. ஆலையின் அலுவலக அறை. மேசை மேல் ஒரு டேப்லெட், அதற்கு முட்டுக்கொடுத்துக் கணக்கு நோட்டு. திரையில் லாரியின் முன்பகுதி தெரிந்தது: காய்ந்த பூச்சரம், சின்னப் பிள்ளையார், ஓட்டுநரின் முகம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “நெல்லூர் தாண்டி சார்” என்றார். அப்படியே பதிவு செய்தேன்.

முதல் விசாரணையில், அதாவது நிர்வாகத் தரப்பு கேட்டபோது, தடங்கலே இல்லை. “மேற்படி ஊழியர் என்னிடம் ரூபாய் இரண்டாயிரம் பெற்றுக்கொண்டார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்விக்கும் ‘மேற்படி ஊழியர்’ வந்தது. மூன்றாவது முறையும். இருபது வருஷமாக நான் மனு எழுதுகிறேன், வீட்டில் ஒருநாளும் ‘மேற்படி’ என்று பேசியதில்லை.

கண் எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்றால், காணொளியில் அது உதவாது. திரையில் எதிராளியின் முகம் கீழே, கேமரா மேலே. பேசுகிற எல்லாருமே கண்ணைத் தாழ்த்தியவர்களாகத்தான் தெரிவார்கள். பொய் சொல்கிறவர் முகம் காட்டிக்கொடுக்கும் என்பதில் எனக்கு நேரிலேயே பெரிய நம்பிக்கை கிடையாது.

சங்க நிர்வாகி குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். முதல் கேள்வியே, “மேற்படின்னா யாருண்ணே?” ஓட்டுநர் இடது பக்கம் பார்த்தார். இணைப்பு அறுந்தது. நாலு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது. சிக்னல் இல்லை என்றார். சரி, தொடருங்கள் என்றேன்.

மணி பன்னிரண்டு. ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அறைக்குள் அது எப்போதும் காதை அடைக்கும், பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். அன்றும் காத்திருந்தோம். அறையில் சங்கு ஓய்ந்தது. டேப்லெட்டில் ஓயவில்லை. ஒரு நொடி, அதற்கும் குறைவாக, அதே சங்கின் வால் திரைக்குள்ளிருந்து கேட்டது. நம் அறைச் சத்தம் எதிரொலித்ததோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஓட்டுநர் எங்களைப் போலவே பேச்சை நிறுத்தியிருந்தார். கையைக் காதருகே கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இறக்கினார். அவர் வண்டிக்குள் எங்கோ தண்ணீர்ப் பாட்டில் அதிர்ந்து உருண்டது.

யாரும் எதுவும் பேசவில்லை. நிர்வாகப் பிரதிநிதி டேப்லெட்டைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்குக்குப் பிறகு

அன்றைய குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சங்கு கேட்டது, சாட்சி காதருகே கை கொண்டுபோனது, இணைப்பு அறுந்த நேரம், மீண்ட நேரம். என் ஊகம் எதையும் சேர்க்கவில்லை. சாட்சியத்தை அப்படியே தள்ளிவிடுமாறு சங்க நிர்வாகி கேட்டார். தள்ளவில்லை. பொய்யான இடத்தைச் சொன்னவர் பணம் பற்றியும் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்ட முடியாது. நேரில் ஆஜராக வேண்டும், வராவிட்டால் இந்தச் சாட்சியத்தைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று உத்தரவிட்டேன்.

மூன்றாவது முறை குறித்த தேதியில் வந்தார். இந்த முறை அமர்வை ஆலையில் வைக்கவில்லை, ஊருக்குள் வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடியில் வைத்தேன். ‘மேற்படி’ போய்விட்டது. “டீக்காசு இருநூறு ரூபா லோடுமேனுக்குக் குடுத்தேன் சார், எப்பவும் குடுக்கறதுதான். எடைமேடை அண்ணன் கையில எதுவும் குடுக்கல.” பிறகு ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள்? தன் முதலாளியான வியாபாரிக்கு ஆலை தர வேண்டிய நெல் பாக்கி நிற்கிறது, இப்படிச் சொன்னால் பாக்கி வந்துவிடும் என்று சொல்லப்பட்டதாம். அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தம்பி தாளில் எழுதிக் காட்டினாராம். ஆலைக்குப் பின்னால், புளியமரத்தடியில் வண்டி நின்றதாம். யார் அனுப்பிய தம்பி என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் அதைத் துருவுவது என் வேலையும் அல்ல.

சிங்கப்பூர் ஞாயிறு

இரண்டாவது காணொளிக்கு நான் தயாராகத்தான் உட்கார்ந்தேன். உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு 2020-ல் நீதிமன்றங்களுக்கு வகுத்த மாதிரிக் காணொளி விதிகள் உள்விசாரணையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் படித்துப் பார்த்தால் நான் தவறவிட்டது எல்லாம் அதில் இருக்கிறது. சாட்சி இருக்கும் முனையிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும், சாட்சிக்கு யாரும் எடுத்துக் கொடுக்காமலும் மிரட்டாமலும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு என்றால் இந்தியத் தூதரக அதிகாரி. அரிசி ஆலை விசாரணைக்குத் தூதரகத்தை எங்கே கூப்பிடுவது? அதற்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாடு செய்தோம். சாட்சி தங்கும் விடுதி அறையில் பன்னிரண்டு பேர் என்பதால் அது வேண்டாம். அவருக்குத் தெரிந்த ஒருவரின் வாடகை அறை, அவருக்கு வேலை இல்லாத ஞாயிறு, நமக்குப் பத்தரை மணி, அங்கே பகல் ஒன்று. இரண்டு போன்கள். ஒன்று முகத்துக்கு நேரே, இன்னொன்று அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் மேல், அறை முழுவதும் கதவும் தெரியும்படி. முதலில் போனைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஸ்டீல் பீரோவின் பின்புறம் உட்பட. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்திருக்கும் அவருக்கு. பொறுத்துக்கொண்டார்.

ஆவணங்களை முன்கூட்டி அனுப்பவில்லை. பக்க எண் போட்ட தொகுப்பு அமர்வு தொடங்கியதும்தான் போனது.

சாட்சி சொன்னது: “வரிசை ரோட்டு வரைக்கும் நின்னுச்சு சார். மானம் இருட்டிக்கிட்டு வருது. ‘அண்ணே, பழைய டேரையே போட்டு விடுங்க’ன்னு நான்தான் சொன்னேன்.” நண்பரைக் காப்பாற்றப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், இங்கே வேலையே இல்லாதவருக்கு என்ன நஷ்டம் என்று நிர்வாகம் குறுக்கு விசாரணையில் கேட்டது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சாட்சியிடம் இல்லை, தாளில் இருந்தது. கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தால் அந்த இரவு பதினொரு லாரிகளில் ஏழுக்குக் காலி எடை சேமிப்பிலிருந்துதான் வந்திருந்தது. ஏழு ஓட்டுநர்களும் பணம் கொடுத்தார்கள் என்று நிர்வாகமே சொல்லவில்லை.

அப்புறம் அந்தச் சீட்டு. நிர்வாகம் தந்த ஸ்கேன் பிரதியில் முன்பக்கம் மட்டும் இருந்தது. அசலைக் கையில் வைத்துப் புரட்டிய சங்க நிர்வாகிதான் பின்பக்க மூலையில் பென்சிலால் ஏதோ எழுதியிருப்பதைக் கவனித்தார். அதைக் கேமராவுக்கு நேரே பிடித்தால் வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. விளக்கை அணைத்து, சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒருவர் டேப்லெட்டைத் தூக்கி அதன் அருகே கொண்டுபோக, பத்து நிமிஷம் ஆனது. கடைசியில் சாட்சி பார்த்துவிட்டார். “ப.டே. அது என் கையெழுத்து சார். பழைய டேர்னு அர்த்தம்.” ஆலை ஆவணங்களில் வேறு இடங்களில் இருந்த அவர் எழுத்தோடு ஒப்பிட்டேன், பொருந்தியது.

நேரில் இருந்திருந்தால் இதற்குப் பத்து நொடி. காணொளியில் நாம் உண்மையில் இழப்பது தாளைக் கையில் கொடுத்து வாங்குகிற வசதியைத்தான். இந்தச் சண்டைகளெல்லாம் சீட்டு, பதிவேடு, கையெழுத்து என்று தாளில்தான் நடக்கின்றன.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். சரி என்று சொன்னதைப் பதிவு செய்து, மின்னஞ்சலிலும் உறுதி வாங்கினேன். அசலில் கையெழுத்து அவர் பொங்கலுக்கு ஊர் வந்தபோதுதான் கிடைத்தது.

அறைக்குள் இருந்த சாட்சி

சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரையும் ஊழியர் தரப்பு அழைத்திருந்தது. அன்றிரவு எடைமேடைக்கு அருகே நின்றவர். இன்னும் அதே ஆலையில் வேலை பார்ப்பவர். ஓட்டுநரின் காணொளி நடந்த அதே சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, அதே அலுவலக அறையில் அவரை நேரில் விசாரித்தேன். அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் முதலாளி வீட்டுப் பையன் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றே பேசினார் தொழிலாளி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. என் குறிப்பில் “தெரியாதுங்க” என்ற பதில் பதினொரு இடத்தில் இருக்கிறது. அன்று மழை மேகம் இருந்ததா என்ற கேள்விக்கும் அதே பதில்தான்.

சிங்கப்பூர்ச் சாட்சிக்குப் பீரோவின் பின்புறம் வரை காட்டச் சொன்ன நான், இந்தக் கண்ணாடித் தடுப்புக்கு ஒரு திரைச்சீலை போடச் சொல்லவில்லை. நேரில் வந்த சாட்சி என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். மூன்று சாட்சிகளில் பக்கத்தில் யாரும் இல்லாமல் பேசியவர் கடல் தாண்டி இருந்தவர் ஒருவர்தான்.

அறிக்கையும் முடிவும்

செப்டம்பரில் அறிக்கை கொடுத்தேன். காலி எடை போடாமல் சீட்டுக் கொடுத்ததும் வண்டி எண்ணை மாற்றி எடுத்ததும் நிரூபணம். மேலதிகாரி சொல்லிச் செய்தது என்பது தண்டனையின் அளவுக்குப் பொருந்தும், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. பணம் வாங்கியது நிரூபிக்கப்படவில்லை.

வேலைநீக்கம் செய்துவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம், விசாரணையில் குறை இருந்தால் அங்கே புதிதாகச் சாட்சியம் வைக்கலாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சட்டப்படி வைக்கலாம்தான். ஆனால் அங்கேயும் அதே ஓட்டுநர்தான் சாட்சி. கடைசியில் ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்திவிட்டு அக்டோபரில் வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள், எடைமேடைக்கு அல்ல, குடோன் இருப்புக் கணக்குக்கு. வெளியே இருந்த மாதங்களின் மீதிச் சம்பளம் பற்றிச் சமரச அதிகாரி முன் மனுப் போய், பாதித் தொகைக்கு ஒப்பந்தம் ஆனது. ஊழியருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எடைமேடை ஜன்னலில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது: காலி எடை போடாத வண்டிக்குச் சீட்டு இல்லை.

இன்று செய்தால்

அதற்குப் பிறகு வந்த விசாரணைகளில் காணொளி கேட்கும் மனு வந்தால், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரே நிபந்தனைத் தாளைக் கொடுக்கிறேன். இடம், இரண்டாவது கேமரா, இரு தரப்பும் ஒப்பிய ஒருவர் சாட்சி முனையில், இணைப்பு அறுந்தால் அந்தக் கேள்வியிலிருந்தே மறுபடி, அசல் ஆவணங்களின் இரு பக்கமும் ஸ்கேன். சாட்சி சொல்லும் இடத்தை நம்பாமல் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தையும் பகிரச் சொல்கிறேன், அதையும் ஏமாற்ற முடியும் என்பது தெரிந்தே. உள்ளூரில் இருப்பவர், வர முடிந்தவர் என்றால், தாளைக் காட்டி விசாரிக்க வேண்டிய சாட்சியை நேரில்தான் அழைக்கிறேன்.

ஆனால் இன்னும் அதே ஆலையில் வேலை பார்க்கிற சாட்சிக்கு நான் இப்போது செய்வது நேர்மாறானது. அவர் பத்தடி தூரத்தில் இருந்தாலும், வெளியே ஒரு இடத்திலிருந்து திரையில் பேச விருப்பமா என்று நானாகவே கேட்கிறேன். நிர்வாகங்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒரு நிர்வாகம் இதனாலேயே அடுத்த விசாரணைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

அறிக்கை கொடுத்து ஆறு மாதம் இருக்கும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேட்டில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். அந்தச் சுமைதூக்கும் தொழிலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணாடியை இறக்கினேன். “அன்னிக்கு சூப்பர்வைசர் தம்பி சொன்னது என் காதுல விழுந்துச்சு சார். நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றார். அப்புறம், நான் கேட்காமலேயே, “அன்னிக்கு மழைமேகமும் இருந்துச்சு” என்றார்.